ஆக்டிங் டீச்சரின் காது

"அந்தம்மா இன்னா மந்திரம் போட்டாளோ தெரியல சார். பிள்ளைங்கல்லாம் என்னப் பாத்தாலே வாயக் கட்டிக்கினு நிக்குதுங்க."

லூர்துமேரி டீச்சர் ஹெட்மாஸ்டர் இருதயராஜிடம் பொரிந்து தள்ளினாள்.

அந்தம்மா என்றது வீரம்மாளை. லூர்துமேரி பிரசவத்துக்குப் போனபோது பாலர் வகுப்புக்கு வந்த ஆக்டிங் டீச்சர். யுத்த காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் அடைத்துக்கொண்டு வரும் காலைப் பாசஞ்சர் ரயிலில், விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குத் தினமும் நின்றுகொண்டே வருகிறவள்.

லூர்துமேரிக்குக் குழந்தை தங்கவில்லை. ஒன்பதாம் நாளே போய்விட்டது. வீட்டில் உட்கார்ந்து அழுவதைவிட, மேலே விழுந்து மொய்க்கும் அறுபது பிள்ளைகளோடு இருந்தால் மனசு ஆறும் என்று லீவு முடியும் முன்பே ஓடி வந்தாள்.

வந்து நாலு நாளாகிறது. ஒரு பிள்ளைகூடக் கிட்டே வரவில்லை.

ஹெட்மாஸ்டர் அந்த வகுப்பை இரண்டாகப் பிரிக்க இருந்தார். ஒன்றுக்கு வீரம்மாளையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் யோசனையில், இந்த வாரம் இருவரையும் சேர்ந்தே பாடம் நடத்தச் சொல்லியிருந்தார். அதுதான் வம்பாகப் போயிற்று.

வீரம்மாள் நாற்காலி பக்கமே போவதில்லை. புடவையைச் சொருகிக்கொண்டு பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிடுவாள். குரலை உயர்த்துவதும் இல்லை. அவள் பேசுவது காதில் விழ வேண்டுமே என்று அறுபதும் தானாக அடங்கிவிடும். தொண்டை கிழியக் கத்திப் பழகிய லூர்துமேரிக்கு வயிறு எரிந்தது.

அதோடு விட்டதா? பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். லூர்துமேரியை ஓரக்கண்ணால் பார்க்கும். வீரம்மாளின் காதில் ஏதோ கிசுகிசுக்கும். அவளும் தலையைச் சாய்த்துக் கேட்டு, அதன் காதில் ஏதோ சொல்லி அனுப்புவாள்.

நேற்றுக் கேட்டேவிட்டாள். "காதுல இன்னாத்த ரகசியம் பேசறீங்க வீரம்மா?"

"ஒண்ணுமில்லக்கா. சின்னப் பிள்ளைங்க பேச்சு."

"எனக்குத் தெரியக் கூடாத பேச்சா?"

வீரம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "விடுங்கக்கா."

அப்புறம் சந்தேகம் என்ன? நேராக ஹெட்மாஸ்டர் அறைக்கு வந்துவிட்டாள்.

"நல்லாத்தானம்மா நடத்தறாங்க," என்றார் ஹெட்மாஸ்டர். "வாயத் தொறக்காத பூமாலைகூட இப்பப் பேசறா."

"பேசறாளா? கோள் சொல்றா சார்! என்னப் பத்தி இல்லாததும் பொல்லாததும் சொல்லி வச்சிருக்கா அந்தம்மா. அவ இருக்கணும்னா சொல்லிடுங்க, நான் போய்டறேன்."

பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவளிடம் என்ன பேசுவது? "சரிம்மா," என்றார்.

அன்று சாயங்காலமே வீரம்மாள் குடையையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஏன், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வர்றேன்க்கா. உடம்பப் பாத்துக்குங்க."

லூர்துமேரிக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் அவளும் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். குரலைத் தணித்துப் பேசிப் பார்த்தாள். அப்போதும் ஒரு பிள்ளையும் கிட்டே நகரவில்லை. போதாக்குறைக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பொறுக்க முடியாமல் பூமாலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுடி கண்ணு. அந்த டீச்சர் காதுல இன்னா சொல்லுவீங்க?"

"சொல்லக் கூடாது."

"ஏன்?"

"சொன்னா நீங்க அழுவீங்க."

"அழ மாட்டேன். சொல்லு."

"சொல்லாதடி!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பூமாலை கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் கடகடவென்று கொட்டிவிட்டாள்.

"உங்க பாப்பா எங்கன்னுதான் கேப்போம். ஏன் இட்டுக்கினு வரல, எப்ப வரும்னு கேப்போம். 'அத லூர்துமேரி டீச்சரான்ட கேட்டா அவங்களுக்கு வலிக்கும். எத்தினி வாட்டி கேக்கணும்னாலும் எங்காதுல வந்து கேளுங்க'ன்னு அந்த டீச்சர் சொன்னாங்க. உங்க கிட்ட வந்தா வாய்ல வந்துடும்னுதான் நாங்க தூரமா நிக்கறோம்."

அழ மாட்டேன் என்று சொன்னவள், கண்ணைத் துடைக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

பூமாலை அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அந்த டீச்சர்தான் போய்ட்டாங்களே, இனிமே நாங்க யாரு காதுல கேக்கறது?"