பிரேக்கில் புகுந்த காற்று

"ஏங்க, கொஞ்சம் வந்து பெடலை மிதிச்சுக் கொடுங்க. பிரேக்ல காத்து நிக்குது."

மூடிய கதவைப் பார்த்துக் கணவரைக் கூப்பிட்டாள். வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் அந்த ஒரு கதவுதான். எட்டு மாதமாக அவர் அதைத் தாண்டவில்லை.

முப்பது வருடம் கார்களுக்கு அடியிலேயே படுத்துக் கிடந்த மனிதர். ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வலப்பக்கம் அப்படியே விழுந்துவிட்டது. பிறகு கை திரும்பியது. வாயும் திரும்பியது, வசவு ஒன்றுகூடக் குறையவில்லை. கால்தான் பாக்கி.

ஒரு பலகையைக் காலால் மிதித்து மிதித்துப் பழக்கினால் அதுவும் வந்துவிடும் என்றாள் பயிற்சி கொடுக்க வந்த பெண். முதல் வாரம் முப்பது தடவை மிதித்தார். அடுத்த வாரம் பத்து. அப்புறம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். போன மாதம் அந்தப் பெண்ணை இனி வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஆள். இப்போது தனக்கு ஒரே கால் என்று சாதித்துக்கொண்டிருந்தார்.

பட்டறையை மனைவிதான் ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்ததில் பாதித் தொழில் அவளுக்கு வந்திருந்தது. மீதி, அவர் விழுந்த பிறகு வேறு வழியில்லாமல் வந்தது.

இன்று கையில் இருந்தது அவர்களுடைய சொந்தக் கார். பிரேக் போட்டால் ஒரு பக்கமாக இழுத்தது. முன்சக்கரத்தைக் கழற்றினாள். பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினாள். பிரேக் ஆயில் வரும் ஹோஸ் குழாயையும் கழற்றினாள். துருவைத் தேய்த்து, கிரீஸ் தடவி, புதுப் பின்னும் பேடும் போட்டு, எல்லாவற்றையும் திரும்ப மாட்டியாயிற்று. உள்ளே புகுந்த காற்றை இனி வெளியேற்ற வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் கீழே காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும்.

எதிர்க்கடைக்காரரைக் கூப்பிடு என்று உள்ளிருந்து கத்தினார். அவர் கடை பூட்டியிருக்கிறது என்றாள். பூட்டியிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. கைத்தடியைத் தரையில் குத்திக் குத்தி, ஒரு பிரேக்குக்குக் காற்று எடுக்கத் தெரியாதவர்களெல்லாம் பட்டறை நடத்துகிறார்கள் என்று உலகத்துக்கே அறிவித்துக்கொண்டு வந்தார். சீட்டில் உட்கார்ந்தார். பெடல் பஞ்சுபோல அடிவரை போனது.

இடது காலால் மிதித்திருக்கிறார். கிளட்ச்சில் பழகிய கால், ஒரேயடியாக அமுக்கும். கீழே படுத்திருந்த அவளுக்கு அது உடனே தெரிந்துவிட்டது. வலது காலால் நிதானமாக மிதிக்கச் சொன்னாள்.

மேலே சீட் கிரீச்சிட்டது. எழுந்து போய்விடுவாரோ என்று அவள் ஸ்பானரை நிப்பிளில் வைத்தபடியே காத்திருந்தாள். பிறகு, இரண்டு கையாலும் காலைத் தூக்கிப் பெடல்மேல் வைக்கும் சத்தம் கேட்டது.

மிதிங்க. பிடிங்க. விடுங்க.

அவள் நிப்பிளை மூடுவதற்குள் கால் நழுவினால் போன காற்று திரும்ப வந்துவிடும். நழுவியது. மறுபடி முதலிலிருந்து. திரும்பவும் நழுவியது. அவளையும் காரையும் அதைச் செய்தவனையும் திட்டிவிட்டு, காலை எடுத்து வைத்தார்.

எத்தனை தடவை என்று அவள் எண்ணவில்லை. நிப்பிளிலிருந்து ஆயில் வடியும் பாட்டிலில் குமிழிகள் பொங்கின, குறைந்தன, ஒன்றிரண்டாக வந்தன, நின்றன. கடைசியில் அவர் காலைக் கையால் தூக்கவில்லை. அது தானாகவே பெடலுக்குப் போனது. அவள் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பெடல் கல்லு மாதிரி நிற்கிறது என்றார். குரலில் பழைய மிதப்பு கொஞ்சம் இருந்தது.

இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் பார்வை தரையில் கிடந்த அழுக்குத் துணியில் விழுந்தது. மேலே பழைய பேட் இரண்டு. ஒன்று காகிதமாகத் தேய்ந்து, மற்றது தடியாக. பக்கத்தில் துருப்பிடித்த இரும்புப் பின் ஒன்று.

அவளுக்குச் சுருக்கென்றது. அதை எடுத்து மறைத்திருக்க வேண்டும். துருவேறிச் சிக்கி நின்றது காலிப்பர் நகர்கிற அந்தப் பின் மட்டும்தான். அதை மாற்றினால் வேலை முடிந்தது. ஹோஸைத் தொடவே வேண்டியதில்லை. தொடாவிட்டால் காற்றும் புகுந்திருக்காது, இன்னொருவர் வந்து மிதிக்க வேண்டியதும் இருந்திருக்காது.

முப்பது வருடம் இதைப் பார்த்த கண். அவர் பின்னைப் பார்த்தார். ஹோஸைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

அவள் வசவுக்குத் தயாராக நின்றாள்.

"மத்த மூணு வீல்லயும் காத்து இருக்கும்போலத் தெரியுது. நாளைக்கு ஒண்ணு, மறுநாள் ஒண்ணுன்னு எடுத்துடலாம்."

மற்ற மூன்றையும் அவள் கழற்றவே இல்லை. தூசி படிந்த அந்தச் சக்கரங்கள் அவர் கண்ணெதிரேதான் இருந்தன.

சரிங்க என்றாள்.