நாலாவது பாட்டு

"திரும்பவும் எழுதியிருக்கா, மாப்ள."

அக்காவின் கணவர் செல்போனை நீட்டினார். பாடகன் அதைத் தொடவில்லை. இசைத்தட்டுக் கடையின் பின்னறையில், பிரிக்காத அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் குறுகி உட்கார்ந்திருந்தான். கதவுக்கு அந்தப் பக்கம், புது ஆல்பத்தில் கையெழுத்து வாங்க வந்தவர்களின் இரைச்சல். "இடி! இடி!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஹெவி மெட்டல் இசை ரசிகர்கள் அவன் தொண்டைக்கு வைத்த பெயர் அது.

"என்ன எழுதியிருக்கா, மாமா?"

"அதேதான். 'நாலாவது பாட்டை இனிமே பாடாதீங்க. காரணத்தை எல்லார் முன்னாடியும் சொல்ல முடியாது. உங்களை நேர்ல பார்த்தே ஆகணும்.'"

இடி ஸ்டூலைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டான்.

"அதை விடுங்க. மத்தவங்க என்ன சொல்றாங்க?"

ரசிகர்களின் கருத்துகளை மாமாதான் படித்துச் சொல்வார். அவன் இசைக்குழுவின் மேனேஜரும் அவரே. தானே படிக்க இடிக்குத் தைரியம் கிடையாது. யாராவது ஒருத்தன் திட்டிவிட்டால் ஒரு வாரத்துக்குத் தூக்கம் போய்விடும்.

"கேளு. 'டிரம்ஸ், தகர டப்பாவை மாடிப்படியில உருட்டிவிட்ட மாதிரி இருக்கு.' இதை நம்ம டிரம்ஸ்காரன்கிட்ட சொல்லிடாதே, அழுதுடுவான். 'ரெண்டாவது பாட்டைப் போட்டேன், என் குழந்தை தூங்கிடுச்சு, ரொம்ப நன்றி.' ஆனா உன் குரலைப் பத்தி ஒருத்தன் குறை சொல்லணுமே! 'போன ஆல்பத்துல பாடினான், இதுல கிழிச்சிருக்கான்.' 'புதுசா ஒரு கரகரப்பு, முதுகுத்தண்டு சில்லிடுது.' 'நாலாவது பாட்டு முடியறப்ப குரல் ரெண்டா உடையுது பாருங்க, அதுக்கே கொடுத்த காசு சரியாப் போச்சு.' ஊரே அந்தப் பாட்டைத்தான் கொண்டாடுது. கண்ணாடிக்காரிக்கு மட்டும் ஆகலை."

கண்ணாடிக்காரி. அந்தப் பெயரைக் கேட்டதும் இடி கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

ஆல்பம் வெளியான அன்று நடந்த கச்சேரியில்தான் அவளை முதலில் பார்த்தான். முன்வரிசை. சுற்றியிருந்தவர்கள் தலையை ஆட்டித் துள்ளிக்கொண்டிருக்க, தடித்த கண்ணாடி போட்ட அந்த நடுத்தர வயதுப் பெண் மட்டும் ஆடாமல் அசையாமல் நின்றாள். அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கழுத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஊர்க் கச்சேரியிலும் அதே முன்வரிசை, அதே பார்வை. நாலாவது பாட்டைப் பற்றி எழுதுகிறவளின் படத்திலும் அதே தடித்த கண்ணாடிதான். பிறகு ஒருநாள் அவன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "எத்தனை மணிக்கு வருவார்? தனியாத்தான் இருப்பாரா?" என்று வாட்ச்மேனைத் துருவித் துருவிக் கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து இடி கதவைப் பூட்டியபின் இன்னொரு முறை இழுத்துப் பார்க்காமல் படுப்பதில்லை. பேசும்போதே தொண்டை அடைத்துக்கொண்டது. எல்லாம் பயம்தான் என்றார் மாமா.

"போலீஸ்ல சொல்லிடலாமா, மாமா?"

"வேண்டவே வேண்டாம். நாளைக்கே பேப்பர்ல வந்துடும். டூருக்கு எல்லா ஊர்லயும் டிக்கெட் வித்தாச்சு."

"அக்காகிட்டயாவது..."

"அவகிட்டயா? அழுது ஊரைக் கூட்டிடுவா. நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்? ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. இந்த மாதிரி ஆளுங்க பைக்குள்ள என்ன வச்சிருப்பாங்கன்னே சொல்ல முடியாது. அவ கிட்ட வந்தா ஒரு வார்த்தை பேசாதே, பேசவும் விடாதே. கத்து. நான் ஓடி வந்துடுவேன்."

கதவு திறந்தது. கூச்சல் காதைப் பிளந்தது. இடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டான். மாமா அவன் தோளுக்குப் பின்னால் காவல் நின்றார். ஸ்பீக்கரில் நாலாவது பாட்டு அலறியது. ஒரு கட்டத்தில் வாசலில் தள்ளுமுள்ளு. கடையின் கண்ணாடிக் கதவு கிறீச்சிட்டது.

"ஐயோ, உடைச்சிடுவாங்க போலிருக்கே! இதோ வந்துடறேன், மாப்ள" என்று மாமா வாசலுக்கு ஓடினார்.

மேசை மேல் அடுத்த ஆளின் கை வந்து விழுந்தது. அதில் ஆல்பம் இல்லை.

இடி நிமிர்ந்தான். தடித்த கண்ணாடி. அதற்குள்ளிருந்து அந்தக் கண்கள் அவன் கழுத்தைப் பார்த்தன.

அவன் எழுவதற்குள் ஒரு கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை தோள்பைக்குள் போனது.

கத்த வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றான். ஆயிரம் பேரை அதிரவைத்த தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் எழவில்லை.

"கத்தாதீங்க! கொஞ்ச நஞ்சம் இருக்கறதும் போயிடும்." பையிலிருந்து எடுத்ததை அவன் முன்னால் வைத்தாள். ஒரு விசிட்டிங் கார்டு. காது மூக்கு தொண்டை நிபுணர் என்று போட்டிருந்தது.

"நான் உங்க பழைய ரசிகை. அதனாலதான் மனசு கேக்கலை. நாலாவது பாட்டுல குரல் உடையுதே, அது நீங்க வேணும்னு உடைச்சதில்லை. எனக்கு சந்தேகமா இருக்கு. உடனே பரிசோதிச்சாகணும்."

இடி கார்டைக் கையில் எடுத்தான். கிசுகிசுப்பாகத்தான் பேச முடிந்தது.

"இதை... முதல்லயே சொல்லியிருக்கலாமே, டாக்டர்?"

அந்தப் பெண் அவனை விநோதமாகப் பார்த்தாள்.

"ஆல்பம் வந்த வாரமே போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேனே! புற்றாக்கூட இருக்கலாம், மேடையேற விடாதீங்கன்னு கெஞ்சினேன். 'அவனுக்கே தெரியும், டூர் முடியட்டும்'னு சொல்லிப் போனை வச்சுட்டாரே உங்க மாமா!"

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மாமா ஓடி வருவது தெரிந்தது. இடி அந்த டாக்டரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.