மண் உருளி

உலகம்மை ஆட்டுக்கல்லை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கொட்டைப்பாக்கு அளவுதான் இருந்தது அது.

“குழவி கோணலா இருக்கு” என்று கீழே வைத்தாள்.

கோணலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முத்தாரம்மாள் அடுத்த பொம்மைப் பாத்திரத்தை எடுத்து நீட்டினாள். புருஷனின் அக்காளுக்குப் பதில் சொல்லி ஜெயித்தவர்கள் அந்த வீட்டில் யாரும் கிடையாது.

தம்பி வீட்டிலேயே இருக்கிற உலகம்மை, கொலுவில் வைக்கத் தன் மகளுக்கு மரத்தில் ஒரு பொம்மை வீடு செய்வித்திருந்தாள். இதே வீடு, இதே அறைகள், புறவாசலில் கிணறு முதற்கொண்டு உண்டு. அதற்குப் பாத்திரம் பண்டம் செய்கிற வேலையைத் தம்பி பெண்டாட்டி தலையில் கட்டினாள். கட்டும்போது சொன்ன பேச்சு இருக்கிறதே, அதை முத்தாரம்மாள் சாகும்வரை மறக்கமாட்டாள்.

“நெசமான உருளியை அம்மை வீட்டுக்குக் கடத்துனவளுக்கு மண்ணு உருளி செய்யவா தெரியாது?”

மாமியார் காலத்து வெண்கல உருளி. நவராத்திரிப் பாயசம் அதில்தான் வைப்பார்கள். ஆவணியில் ஒருநாள் அது காணாமல் போனது. பழி முத்தாரம்மாள் மேல் விழுந்தது.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் மிளகாய் மண்டி வைத்திருக்கும் அவள் புருஷன் கோலப்பன், அக்காள் கிழித்த கோட்டைத் தாண்டாதவன். பத்மநாபபுரத்துச் சாமிகள் நவராத்திரிக்கு ஊர்வலமாகக் கரமனைப் பாலம் தாண்டி ஊருக்குள் வருவதற்குள் உருளி வந்து சேராவிட்டால், அவள் சுசீந்திரத்தில் பிறந்த வீட்டுக்கு வண்டி ஏற வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டான். சாமிகள் நாளைச் சாயங்காலம் வருகின்றன.

எட்டு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் சொல்கிற பேச்சா இது! அவளுக்கு வயிறு எரிந்தது.

எரிகிற வயிற்றோடுதான் ஆற்றுக்களிமண்ணைப் பிசைந்தாள். நிழலில் காயவைத்தாள், உமி மூட்டிச் சுட்டாள். அம்மி, குடம், இட்டிலிப் பானை, சுண்டுவிரல் நகம்போல் சின்னச் சின்னக் கிண்ணங்கள் என்று எல்லாம் இப்போது கூடத்துப் பாயில் வரிசையாக இருந்தன.

உலகம்மை கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குடத்துக்குக் கழுத்து நீளமாம். அம்மிக்கு முதுகு குழியாம். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவளுக்குத் தாலி கட்டுவது கண்ணில் படாது, பந்தியில் உப்பு குறைந்ததுதான் படும்.

கடைசியில் உருளியை எடுத்தாள். உள்ளங்கைக் குழியில் அடங்குகிற உருளி. இரண்டு பக்கமும் காது, இரண்டு காதுக்கும் நடுவே விளிம்பில் ஒரு சில்லு பேர்ந்த அடையாளம்.

உலகம்மை உதட்டைப் பிதுக்கினாள்.

“சில்லு நடுவிலயா பேர்ந்திருக்கு? காதை ஒட்டியில்லா பேர்ந்திருக்கு!”

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த கோலப்பன் நிமிர்ந்தான்.

“எந்தச் சில்லு? நம்ம உருளியில ஏது அக்கா சில்லு?”

 எடுத்த உருளியைக் கீழே வைக்க உலகம்மைக்குத் தோன்றவில்லை.

முத்தாரம்மாள் முந்தி முடிச்சை அவிழ்த்தாள். நகக்கண் அளவு வெண்கலச் சில்லு ஒன்றைக் கோலப்பன் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னாள்.

உருளி காணாமல் போன அன்று காலையில் அவள்தான் அதைக் கிணற்றடியில் தேய்த்தாள். கை வழுக்கிக் கல்லில் விழுந்தது. காதை ஒட்டிச் சில்லு தெறித்தது. திட்டு விழும் என்று பயந்து, சில்லை முடிந்துகொண்டு, உருளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. மத்தியானம் வந்து பார்த்தால் உருளி இல்லை.

அந்தச் சில்லு பேர்ந்ததை அவளைத் தவிர ஒருவர்தான் பார்த்திருக்க முடியும். எடுத்தவர்.

மண் உருளியில் நடுவில் கீறியது கைப்பிசகு இல்லை. பழுதைக் கண்டுவிட்டால் உலகம்மைக்கு வாய் நிற்காது என்று தெரிந்துதான் கீறினாள்.

கோலப்பன் சில்லைப் பார்த்தான். அக்காளைப் பார்த்தான். பெண்டாட்டியை மட்டும் அவனால் பார்க்க முடியவில்லை.

முத்தாரம்மாள் பொம்மை வீட்டை உலகம்மை பக்கம் திருப்பி வைத்தாள்.

“உருளி இப்ப எந்த அறையில இருக்குன்னு சொல்லுங்க மைனி. இதுலயும் அங்கயே வச்சிருதேன்.”