நாடு பிடித்தவர்கள்

தில்லையடியில், மாமரத்தடிக் கதிரையில் சாய்ந்தபடி ஜப்பார் மாஸ்டர் உலகப் படையெடுப்பை நடத்திக்கொண்டிருந்தார்.

"அலெக்சாண்டர்தான் மச்சான் பெரிய ஆள். கால் வெச்ச மண்ணெல்லாம் அவண்ட."

"போங்க மாஸ்டர்! செங்கிஸ்கான் புடிச்சதில பாதிகூட அது இல்ல," என்றார் எதிரில் இருந்த றஸீன்.

மாஸ்டரின் மனைவி குல்சூம் சட்டியையும் கேத்திலையும் வேனில் ஏற்றினாள்.

"ட்ரிப்பா ராத்தா?" என்றாள் பக்கத்து வீட்டு சுல்பா.

"மன்னாருக்கு. தொண்ணூறுல எங்கள வெரட்டினப்ப உட்டுட்டு வந்த வீட்ட நாளைக்கு ஊர்ப் பதிவு எழுதுற விதானையார் பாக்க வாறார். அடுப்பு எரியாட்டி, ஆளில்லையெண்டு எங்கட பதிவ வெட்டிருவாங்க. அவர் போனதும் திரும்பிருவோம்."

மாஸ்டர் அலெக்சாண்டரை நடுவழியில் விட்டுவிட்டு வேனருகே வந்தார்.

"குல்சூம்... அவர் போனாலும், ஒரு ராவு தங்கிட்டு வருவமே?"

"பாதிக் கூரைதான் இருக்கு அங்க!"

"எண்ட வீடுதானே, புள்ள."