கரகரத்த ஹாரன்

"இன்ஜின் போயிடுச்சு சார். பேசாம எடைக்குப் போட்டுடுங்க" என்றார் மெக்கானிக்.

"வண்டி ஓடவே வேண்டாம்பா. வாசல்ல நிக்கட்டும். ஹாரன் நின்னுபோச்சு, அதை மட்டும் பேச வச்சுக் குடு."

மெக்கானிக் பெரியவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேலையில் இறங்கினார்.

பொழுது சாய்கிற நேரத்தில் காரை வாசலுக்கே இழுத்து வந்து நிறுத்தினார். பெரியவர் ஹாரனை அழுத்தினார். கணீரென்று கேட்டது. அவர் முகம் வெளுத்தது.

"சரி பண்ணிப் பார்த்தும் பழசு தொண்டை கட்டின மாதிரி கரகரன்னுச்சு சார். அதை எடைக்குத் தள்ளிட்டு நல்லதா ஒண்ணு மாட்டிட்டேன். காசு வேண்டாம்."

பெரியவர் சாப்பாட்டுத் தட்டோடு உள்ளறைக்குப் போனார்.

மகன் இறந்துபோனது கட்டிலில் கிடக்கும் மனைவியின் நினைவில் தங்குவதே இல்லை. சொன்னபோதெல்லாம் அன்றுதான் பறிகொடுத்தவள் போல அழுதாள். அதனால் சொல்வதையே விட்டுவிட்டார். மகன் வேலையிலிருந்து திரும்பும் நேரத்துக்கு அவன் காரின் ஹாரனை அடித்துவிட்டு வந்து ஊட்டுவார். "வந்துட்டானா" என்று நிம்மதியாக வாயைத் திறப்பாள்.

இன்று திறக்கவில்லை.

"வாசல்ல வேற யாரோ வந்திருக்காங்க, போய்ப் பாருங்க. நம்ம பையன் வரட்டும், அப்புறம் சாப்பிடுறேன்" என்றாள்.