மூடு வந்தால் மோட்டார் ஓடும்

சிரிக்க ஒரு சமாச்சாரம் இருக்கிறது. அவசரப்பட்டு இப்போதே சிரித்துவிடாதீர்கள். முதலில் கரண்ட் வரட்டும்.

ஒரத்தநாட்டுப் பக்கம், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக எட்டிப்பார்க்கிற ஊர். இந்த வருஷம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கனகா மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்தில் விதைத்திருந்த சம்பா, ஒரு சாண் வளர்ந்து, புரட்டாசி வெயிலில் சுருண்டு நின்றது. அது கருகினால் அடுத்த அறுவடை வரைக்கும் கடை அரிசிதான்.

மேல் வயல் துரைராசுவுடையது. அங்கே போர் இருந்தது, மோட்டார் இருந்தது, தண்ணீரும் இருந்தது. போய்க் கேட்கத்தான் வழியில்லை.

கனகாவின் புருஷன் திருமுருகன் போன வருஷம் லீவில் வந்திருந்தபோது, வரப்புத் தகராறில் துரைராசுவிடம் ஊரே பார்க்கக் கத்தினான். "உன் மோட்டார் தண்ணியக் கேட்டு எங்க வீட்லேருந்து ஒரு ஆள் வந்து நின்னா, என் பேரையே மாத்திக்கிறேன்யா." கத்திவிட்டு சிங்கப்பூருக்குப் பிளேன் ஏறிவிட்டான். பயிரோடு நிற்பது கனகா.

அப்படி அவள் வரப்பில் நின்றுகொண்டிருந்த ஒரு காலையில்தான், மோட்டார் கொட்டகையிலிருந்து புலம்பல் கேட்டது. துரைராசுவின் மடியில் பரீட்சை அட்டை, காதில் பேனா.

"கதை எழுதலாம்னு உக்காந்தா மூடே வரமாட்டேங்குது. தண்ணி கொட்டுற சத்தம் கேட்டா வரும். கூடவே யாராச்சும், 'கதை என்னாச்சு'ன்னு ஒரு வார்த்தை கேட்டா இன்னும் நல்லா வரும். இந்த ஊர்ல எவன் கேக்குறான்."

துரைராசு எழுத்தாளர்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் வாரப் பத்திரிகை ஒன்றில் அவர் பேரில் நாலு வரித் துணுக்கு வந்திருக்கிறது.

கனகாவுக்குப் பொறி தட்டியது. தண்ணீரைக் கேட்டால்தானே புருஷன் பேரை மாற்றணும்? கதையைக் கேட்டால்?

"என்னண்ணே, கதை என்னாச்சு?"

"வாம்மா தங்கச்சி. நீ கேட்டதும் உள்ள ஒரு மாதிரி கிளம்புது பாரு" என்று எழுந்து மோட்டாரைப் போட்டார்.

அவர் வயல் ஏற்கெனவே நிறைந்து கிடந்தது. கொட்டிய தண்ணீர் அங்கே நிற்க இடமில்லாமல், வரப்பில் எலி பறித்திருந்த உடைப்பு வழியாகக் கனகாவின் வயலில் இறங்கியது.

அப்புறம் இதே கதைதான். மும்முனை கரண்ட் வரும். கனகா வருவாள். மூடு வரும். மோட்டார் ஓடும்.

கூடக் களை பறிக்கிற அமிர்தத்துக்கு இதைப் பார்த்து வாய் சும்மா இருக்கவில்லை. துரைராசு மாதிரியே குரலைக் கரகரப்பாக்கி, "'நீ கேட்டதும் உள்ள கிளம்புது பாரு.' ஊரே காயுது, இந்த மனுசனுக்கு மூடு கேக்குது. ஓசி கரண்ட்டுல்ல" என்றாள்.

"மெதுவாக்கா. காதுல விழுந்துரப்போவுது."

"நீ மட்டும் என்னவாம்? தெனம் போயி ஐஸ் வைக்கிற."

"பாவமாத்தான் இருக்கு. வெள்ளந்தி மனுசன். இப்படி ஏமாத்துறோமேன்னு படுத்தா தூக்கம் வரல. விடிஞ்சு பயிரைப் பாத்தா கால் தானா அங்க போயிருது."

சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் வயலைப் பார்த்த திருமுருகனுக்குச் சந்தேகம்.

"பச்சையா இருக்கு? அந்த ஆள்கிட்ட போயி நின்னியா?"

"தண்ணி கேக்கலைங்க. கதை கேட்டேன்."

திருமுருகனின் முகம் திரையை நெருங்கி வந்தது.

"என்ன கதை?"

"அது இன்னும் முடியலைங்க."

ஒருநாள் அவளுக்கே ஆசை வந்துவிட்டது. "எங்க வரைக்கும் வந்திருக்குண்ணே?"

"கதாநாயகி தாகத்துல நிக்கிறா. கேக்க வாய் வரல அவளுக்கு. ரோசக்காரி." துரைராசு கழுத்தை நீட்டிப் பார்த்தார். "ஏன் தங்கச்சி, கீழ மூலை நனைஞ்சிருச்சா?"

"நனைஞ்சிருச்சுண்ணே."

"அப்ப இன்னைக்கு இது போதும்." மோட்டாரை நிறுத்தினார். பேனா காதிலேயே இருந்தது.

"அருமையா இருக்குண்ணே" என்றாள் கனகா. எது அருமை என்று அவரும் கேட்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. கனகாவின் வயல் தளும்பியது, பயிர் நிமிர்ந்தது.

இனிமேல் போக வேண்டிய அவசியமில்லை. ஆனால் கதிர் வரும் நேரத்தில் மறுபடி காய்ந்தால்? மனுஷருக்கு மூடு விட்டுப்போகக் கூடாதே. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

துரைராசு கொட்டகையைப் பூட்டிக்கொண்டிருந்தார். பரீட்சை அட்டை மழைக்குத் தலையில் இருந்தது.

"என்னண்ணே கிளம்பிட்டீங்க? கதை என்னாச்சு?"

"எந்தக் கதை?"

"அதான்ண்ணே, அந்தப் பொண்ணு தாகத்துல நிக்கிறாளே."

துரைராசு அவள் வயலைப் பார்த்தார். "அவதான் வயிறு முட்டக் குடிச்சிட்டாளே, தங்கச்சி. இனிமே எழுத என்ன இருக்கு?"

கனகா தலைச் சாக்கை விலக்கினாள். கண் தானாக வரப்புக்குப் போனது. எலி பறித்தது என்று அவள் நினைத்திருந்த உடைப்பு, மேல் வயல் மழைத் தண்ணீரும் சேர்ந்து அவள் பயிரை மூழ்கடிக்காதபடி, புது மண் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் துரைராசுவின் மண்வெட்டி.

"அண்ணே... அப்ப அந்த மூடு?"

அவர் அட்டையைச் சரியாகப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

"திருமுருகன்னு நல்ல பேரா இருக்கு. அதைப் போயி எதுக்கு மாத்தணும்னுதான்."