நாடாவின் மறுபக்கம்

தையற்காரர் இருதயராஜின் கழுத்தில் தொங்கும் அளவுநாடாவில் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். அந்த மறுபக்கத்தை முப்பது வருடத்தில் அவர் ஒருமுறைகூடப் படித்ததில்லை. அவருக்குத் தெரிந்து ஊரில் யாருடைய இடுப்பும் சென்டிமீட்டரில் இருந்ததில்லை. மகள் ஸ்டெல்லா காணாமல் போன அன்று காவல் நிலையத்தில் உயரம் கேட்டார்கள். ஐம்பத்தெட்டு அங்குலம் என்றுதான் எழுதிக் கொடுத்தார்.

பதினோராவது நாள் ஏட்டு கடைக்கே வந்தார். வாசலில் நின்று அவர் தொப்பியைக் கழற்றியதே இருதயராஜுக்குப் பிடிக்கவில்லை.

"அணையில ஒரு பொண்ணு ஒதுங்கியிருக்கு, டெய்லரே. முகம் அடையாளம் தெரியலையாம். உயரம் நூத்தி நாப்பத்தேழு சென்டிமீட்டர்னு எழுதியிருக்காங்க. அது எத்தனை அங்குலம் வரும்?"

"நான் குடுத்தது ஜூன்ல யூனிபாரத்துக்கு எடுத்த அளவுங்கய்யா. வளர்ற புள்ள. இந்த ஆறு மாசத்துல ஒரு அங்குலமாவது கூடியிருப்பா."

"சரிங்க. நாடாவைப் பாத்துச் சொல்லுங்க."

இருதயராஜ் நாடாவைக் கழுத்திலிருந்து உருவினார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையைப் போல மறுபக்கத்து எண்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். நூற்று நாற்பத்தேழு வந்ததும் பெருவிரலால் அழுத்திப் பிடித்தார். அதற்கு நேர் பின்னால், அவருடைய ஆள்காட்டி விரலுக்கு அடியில், அங்குலம் இருந்தது.

ஏட்டு காத்திருந்தார். அழுத்திய நகம் வெளுத்துப் போயிற்று. விரல் விலகவில்லை.